மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

காலை ஏழு மணி. மயிலாப்பூரில் ஒரு மெஸ் வாசல். வியர்வையில் நனைந்த டி-ஷர்ட்டோடு நானும் என் நண்பரும் நிற்கிறோம். எங்கள் பேச்சைக் கொஞ்சம் ஒட்டுக்கேளுங்கள்.

"உனக்கு எவ்வளவு?"

"412. உனக்கு?"

"எனக்கு 365தான். நீ கில்லாடிய்யா!"

"அப்ப எனக்குப் பொங்கலும் வடையும். நீ பொங்கலோட நிறுத்திக்க."

ஏதோ சீட்டுப் பணம், ஷேர் மார்க்கெட் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கலோரி! நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்ததில் எங்கள் இருவர் உடம்பிலும் எவ்வளவு எரிந்தது என்று எங்கள் கைக்கடிகாரங்கள் சொன்ன கணக்கு அது. அந்தக் கணக்கின் பேரில்தான் டிபன். சம்பாதித்ததைச் செலவு செய்கிறோம். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

அந்தக் கடிகாரம் அக்கா பையன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. "மாமா, இனிமே உங்க உடம்பை இது பார்த்துக்கும்" என்று சொல்லித்தான் கட்டிவிட்டான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஹெச்.பி.ஏ.ஒன்.சி 6.2 இருக்கு. 6.5 தொட்டா சர்க்கரை நோய்னு சீல் குத்திடுவோம். நடங்க" என்றிருந்தார். நடந்தேன். மழை நாள் தவிர எல்லா நாளும் நடந்தேன். கடிகாரம் தினமும் 400க்குக் குறையாமல் வரவு வைத்தது. நானும் அதற்குக் குறையாமல் செலவு வைத்தேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. எடை ஒன்றரை கிலோ கூடியிருந்தது. ஹெச்.பி.ஏ.ஒன்.சி 6.6.

"தினமும் நடக்கறேன் டாக்டர்! வேணும்னா பாருங்க" என்று மணிக்கட்டை நீட்டினேன். கோர்ட்டில் சாட்சியை நிறுத்துவது மாதிரி. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "நடந்துட்டு என்ன சாப்பிடறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒரு பி.காம் பட்டதாரி ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இந்தக் கணக்கை எழுதுகிறவன் யார்? எதை வைத்து எழுதுகிறான்?

* * *

தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடிகாரம் உங்கள் உடம்பில் கலோரியை அளக்கவே இல்லை. இது முதல் அதிர்ச்சி.

அதன் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை வைத்து இதயத் துடிப்பை எண்ணுகிறது. உள்ளே இருக்கும் இன்னொரு பொடிக் கருவி கை அசைவதை உணர்கிறது. இவை தவிர வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று நீங்களே ஆரம்பத்தில் பதிந்து கொடுத்த விவரங்கள். இதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணை எடுக்கிறது. அந்தச் சூத்திரம் என்ன என்பதைக் கம்பெனிகள் பொதுவாக முழுசாக வெளியே சொல்வதில்லை.

நிஜமாகவே அளக்க வேண்டுமென்றால் முகத்தில் முகமூடி மாட்டி, நீங்கள் இழுக்கிற ஆக்சிஜன் எவ்வளவு, விடுகிற கரியமில வாயு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி எரிந்தது என்று அர்த்தம். இது அளவை. கடிகாரம் செய்வது அனுமானம்.

அனுமானத்தில் என்ன சிக்கல்? இதயம் வேகமாகத் துடிக்க உழைப்பு மட்டுமா காரணம்? காபி குடித்தால் துடிக்கும். காய்ச்சல் வந்தால் துடிக்கும். எடிட்டர் "கொஞ்சம் உள்ளே வாங்க" என்று கூப்பிட்டாலே எனக்குத் துடிக்கும். மே மாத வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோல் பக்கம் ரத்தத்தை அனுப்புவதற்காகவும் இதயம் கூடுதலாகத் துடிக்கும். இதற்கெல்லாம் அந்த அளவுக்குக் கொழுப்பு கரைந்துவிடாது. கரையும் என்றால் சென்னைவாசிகள் எல்லோரும் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்க வேண்டுமே!

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 31 பெண்கள், 29 ஆண்கள், மொத்தம் 60 பேர். ஏழு விதமான கருவிகள். ஆப்பிள், ஃபிட்பிட், சாம்சங், மைக்ரோசாஃப்ட் எல்லாம் அதில் உண்டு. கட்டிவிட்டு நடக்க வைத்தார்கள், ஓட வைத்தார்கள், சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். கூடவே முகமூடி அளவையும் எடுத்தார்கள்.

இதயத் துடிப்பில் ஏழு கருவிகளில் ஆறு பாஸ். பிசகு 5 சதவிகிதத்துக்குள்தான். கலோரியில்? ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவிகிதம் தப்பு. மோசமான கருவி 93 சதவிகிதம் தப்பு!

இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. ஆண்களுக்குப் பிசகு அதிகம். உடல் பருமன் கூடியவர்களுக்கு அதிகம். தோல் நிறம் கறுப்பாக இருப்பவர்களுக்கு அதிகம். செய்கிற வேலைகளில் நடைக்கு அதிகம். படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். ஆண். தொப்பை. கறுப்பு. செய்வது நடை. நான்குக்கு நான்கு!

'அது 2017 சார், இப்ப எவ்வளவோ முன்னேறிடுச்சே' என்பீர்கள். உண்மைதான், அந்தக் கருவிகள் இன்று பழசு. ஆனால் 2020-ல் 158 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தவர்களும், காலடியை எண்ணுவதிலும் இதயத் துடிப்பிலும் சில கருவிகள் பரவாயில்லை, கலோரி விஷயத்தில் எந்தப் பிராண்டும் சரியில்லை என்றே எழுதினார்கள். துடிப்பை எண்ணுவது வேறு, எரிந்ததை ஊகிப்பது வேறு. முதலாவதில் தேறிவிட்டதால் இரண்டாவதிலும் தேறிவிடாது.

சரி, ஊகத்தையாவது ஆளுக்கேற்ப ஊகிக்கிறதா? 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துச் சொல்லும் பி.எம்.ஐ இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம். நம் ஆளுக்கு 21.2 சதவிகிதம்! ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள் ஒளிந்திருக்கும் குண்டர் பற்றிய புகழ்பெற்ற படம் அது. தசை கூடுதலாக உள்ளவருக்குச் சும்மா இருக்கும்போதே எரிவது அதிகம். உயரமும் எடையும் மட்டும் தெரிந்த சூத்திரத்துக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

போகட்டும், கடிகாரம் சொன்ன 412-ஐ அப்படியே ஒப்புக்கொள்வோம். அதில்கூட ஒரு கணக்குச் சூட்சுமம் இருக்கிறது. சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரித்துக்கொண்டுதான் இருக்கும். ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கலோரி. என் எடை 78 கிலோ. ஆக, நான் பூங்காவுக்கே போகாமல் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 78 கலோரி எரிந்திருக்கும். அதைக் கழிக்காத 412 மொத்த லாபம், நிகர லாபம் அல்ல. நான் மொத்த லாபத்தை நம்பி டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அதுவும் எதில்? நெய்யில். சுத்தமான கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. 20 கிராம் நெய் பொங்கலில் இறங்கினால் அதற்கே 180.

* * *

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி.

தக்காளி வாங்குகிறீர்கள். ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிறுத்தால் 730 கிராம்தான் இருக்கிறது. சும்மா விடுவீர்களா? கடைக்காரரின் தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று கேட்பீர்கள். ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நியாயம் கேட்பீர்கள். 27 சதவிகிதப் பிசகு! அதே பிசகு மணிக்கட்டில் இருந்தால் ஏன் கோபம் வரவில்லை?

எனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். விடை கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தக்காளிக்காரர் செய்த பிசகு என் பையைக் குறைத்தது. கடிகாரம் செய்த பிசகு என் முதுகைத் தட்டிக்கொடுத்தது. சில பேருக்கு அது குறைத்தும் காட்டலாம், ஆனால் எனக்குக் கூட்டித்தான் காட்டியது. நமக்கு நஷ்டமான தப்பை நாம் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். நமக்கு லாபமான தப்பைக் கண்டுபிடிக்க நான்கு மாதமும் ஒரு ரத்தப் பரிசோதனையும் தேவைப்படுகிறது.

கல்லூரியில் எங்களுக்குக் கணக்குப்பதிவியல் எடுத்த பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்வார். இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டால் நாங்கள் குதிப்போம். "குதிக்காதேடா. தப்பும் டேலி ஆகும்" என்பார். ஒரு இடத்தில் 500 ரூபாய் கூட்டி எழுதி, இன்னொரு இடத்தில் 500 ரூபாய் கூட்டி எழுதினால் டேலி ஆகத்தான் செய்யும். எண்கள் ஒத்துப்போவதும் அவை உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. முப்பது மார்க் கேள்விக்காக அன்று எழுதிய விஷயம், இன்று என் இடுப்பில் ஒன்றரை கிலோவாக வந்து புரிகிறது.

* * *

இதையெல்லாம் வீட்டில் வீராவேசமாகச் சொன்னேன். என் மனைவி அலட்டிக்கொள்ளவில்லை.

"என்னங்க, பொய்யோ நிஜமோ, அது வந்தப்புறம்தானே நீங்க சோபாவை விட்டு எழுந்தீங்க? பத்து வருஷமா நான் சொன்னேன், கேட்டீங்களா? ஒரு பொய் உங்களை நடக்க வச்சுதுன்னா அந்தப் பொய் நல்ல பொய்தானே?"

நல்லது செய்யும் பொய் பொய்யா? பெரிய பெரிய தத்துவ ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. எங்கள் வீட்டில் அது கீரை ஆய்ந்துகொண்டே கேட்கப்பட்டது.

அவர் பக்கம் ஒரு பலமான சாட்சியே இருக்கிறது. தினம் 10,000 காலடி நடக்க வேண்டும் என்று உலகமே சொல்கிறதே, அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போகெய்'. பத்தாயிரம் காலடி எண்ணி என்று பொருள். ஆய்வு செய்து கண்டுபிடித்த எல்லை இல்லை அது, விற்பதற்கு வைத்த பெயர். 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 16,741 வயதான பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், தினம் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஆக 10,000 என்பது வியாபார எண். ஆனாலும் அந்த வியாபார எண் எத்தனை கோடிப் பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கும்! மனைவி சொல்வது சரிதான் போலிருக்கிறதே?

இரண்டு நாள் யோசித்தேன். ஒரு வித்தியாசம் பிடிபட்டது.

பிள்ளையாரை 108 சுற்றுச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறீர்கள். ஏன் 108, ஏன் 97 இல்லை என்று யாராவது ஆராய்ச்சி செய்கிறோமா? 48 நாள் விரதம் என்றால் 48 நாள். அது நாம் நமக்குப் போட்டுக்கொள்ளும் எல்லைக்கோடு. 10,000 காலடியும் அந்த ஜாதி. அது நேற்று நடந்ததைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, நாளைக்கு நடக்கச் சொல்கிறது. அதில் உண்மை பொய் என்ற பேச்சுக்கு இடமில்லை.

412 கலோரி அப்படியில்லை. அது 'உன் உடம்பில் இன்று காலை இது நடந்தது' என்று சாட்சி சொல்கிறது. வேண்டுதல் வேறு, கணக்கு வேறு. வேண்டுதல் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். சாட்சி உண்மையாக இருந்தே ஆகவேண்டும். ஏனென்றால் அந்தச் சாட்சியை நம்பி நாம் அடுத்த காரியத்தைச் செய்கிறோம். என் விஷயத்தில், வடையை.

'நல்ல பொய்' என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 2016-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. எடை குறைக்க வந்த 470 இளைஞர்கள், இளம் பெண்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆலோசனை. ஆறு மாதம் கழித்துப் பாதிப் பேருக்கு உடம்பில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். மீதிப் பேர் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருஷ முடிவில் தாங்களே எழுதியவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். கருவி மாட்டியவர்கள் 3.5 கிலோதான். கருவி எல்லோருக்கும் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கட்டிக்கொண்டாலே நல்லது நடந்துவிடும் என்றும் அர்த்தம் இல்லை. அவர்களில் எத்தனை பேர் மெஸ் வாசலில் நின்றார்களோ, யார் கண்டது!

* * *

அப்படியானால் கடிகாரம் பொய்க்காரனா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஊகம் பொய் ஆகாது. ஆடிட்டர்களைக் கேளுங்கள். ஒரு இயந்திரம் வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று எந்த ஆடிட்டரும் அளந்து பார்ப்பதில்லை. வராக்கடன் எவ்வளவு என்பதும் உத்தேசம்தான். ஆனால் எதன் அடிப்படையில் உத்தேசித்தோம் என்று அடியில் எழுதுவார்கள். கடைசியில் கையெழுத்துப் போடும்போதுகூட 'இந்தக் கணக்கு சரி' என்று போடுவதில்லை. உண்மையான, நியாயமான தோற்றத்தைக் காட்டுகிறது என்றுதான் போடுவார்கள். எவ்வளவு அடக்கமான வார்த்தை பாருங்கள்!

கடிகாரத்திடம் அந்த அடக்கம் இல்லை. அது '300-லிருந்து 500-க்குள் இருக்கலாம்' என்று சொல்லியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. '412' என்கிறது. 410கூட இல்லை. 412! நூறு கலோரி அங்கே இங்கே போகக்கூடிய ஒரு ஊகத்தின் கடைசியில் அந்த 2 எதற்கு? நம்மை நம்ப வைப்பதற்கு. அந்த 400-ஐ உத்தேசம் என்று மன்னிக்கலாம். பொய் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த 2-ல்தான்.

சாப்பாட்டுப் பக்கமும் இதே கதைதான். அமெரிக்காவில் உணவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் கலோரியைவிட உள்ளே 20 சதவிகிதம் வரை கூடுதலாக இருந்தாலும் சட்டம் விட்டுவிடும். ஒரு கைப்பிடி பாதாம், 28 கிராம், 170 கலோரி என்று எழுதிவந்தார்கள். 2012-ல் ஆட்களைச் சாப்பிடவைத்து அளந்தபோது உடம்புக்குக் கிடைத்தது 129தான். மென்று தின்றாலும் கொஞ்சம் கரையாமலே வெளியே போய்விடுகிறது.

வரவும் சுமார். செலவும் சுமார். நாம் என்ன செய்கிறோம்? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிச்சத்தை நம்புகிறோம். 2,000 கலோரி சாப்பிட்டேன், 2,200 எரித்தேன், 200 மிச்சம் என்று. 2,200-ல் 27 சதவிகிதம் பிசகு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 600. மிச்சம் 200, பிசகு 600! இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எந்த பேங்க்கிலாவது லோன் கேட்டுப் பாருங்கள்.

* * *

என்னை நிஜமாக உறுத்திய விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில் ஆரோக்கியப் போட்டி வைத்தார்கள். ஒரு மாதத்தில் அதிகக் கலோரி எரிக்கிறவருக்குப் பரிசுக் கூப்பன். ஆபீஸே திமிலோகப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த புண்ணியவான்களும் உண்டு. ஜெயித்தவருக்குக் கைதட்டல், போட்டோ எல்லாம் நடந்தது.

அந்த போட்டோவுக்கு எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் உதவியாளர். ஐம்பதைத் தாண்டியவர். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். தபால், பைல், டீ, ஜெராக்ஸ் என்று நாள் முழுக்க நடை. அவர் கையில் கடிகாரம் இல்லை. ஆகவே போட்டிக் கணக்கில் அவர் எரித்தது பூஜ்யம். அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த நாள் மனசு கேட்காமல் என் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டினேன். "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் இது உங்ககிட்ட இருக்கட்டும்." சாயங்காலம் பார்த்தால் 19,000 காலடியைத் தாண்டியிருந்தது. அதுவும் குறைவுதான். தோளில் இருந்த கேனின் எடை கடிகாரத்துக்குத் தெரியாது. தட்டைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நடக்கும் கையின் காலடியை அது தவறவிடவும் கூடும்.

"பாருங்கண்ணே, போட்டியில நீங்கதான் ஃபர்ஸ்ட்!" என்றேன் உற்சாகமாக.

அவர் திரையைப் பார்த்தார். "இதுல எவ்வளவு எரிஞ்சிருக்குன்னு காட்டுமா சார்?" என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"இவ்வளவு எரிஞ்சா, இவ்வளவு சாப்பிட்டாகணும் இல்ல சார்? மத்தியானம் வீட்டுச் சாப்பாடு கொஞ்சமாத்தான் கொண்டாறேன். அதான் சாயங்காலம் கண்ணை இருட்டுது போல."

எனக்குப் பேச்சு வரவில்லை.

அதே எண்தான். எனக்கு அது வரவு, அவருக்கு அது செலவு. நான் எரித்ததைக் கொண்டாடுகிறேன். அவர் எரித்ததை ஈடுகட்ட வழி தேடுகிறார். ஒரே பேரேட்டில் ஒரே தொகையை நானும் அவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் அவர் பார்வைதான் இந்தக் கலோரிக் கணக்கின் பழைய பார்வை. 1890-களில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி ஒரு அறைக்குள் ஆளை நாள்கணக்கில் இருக்கவைத்து, தின்றது எவ்வளவு, உடம்பு விட்ட வெப்பம் எவ்வளவு என்று அளந்தார். மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9, புரதத்துக்கு 4 என்று இன்றும் நாம் சொல்லும் கணக்கு அவர் வழி வந்தது. அவர் அக்கறைப்பட்ட கேள்விகளில் ஒன்று, கூலித் தொழிலாளி குறைந்த காசில் அதிகச் சத்து வாங்குவது எப்படி என்பது. நம் நாட்டில்கூட 1979-ல் திட்டக்குழுவின் நிபுணர் குழு வறுமைக் கோட்டைக் கலோரியில்தான் வரைந்தது. கிராமத்தில் ஒருவருக்குத் தினம் 2,400, நகரத்தில் 2,100. கிராமத்துக்கு ஏன் அதிகம்? அங்கே உடம்பு அதிகம் உழைக்கிறது, அதற்கு ஈடாகச் சோறு வேண்டும் என்பதால்.

போதாமல் போகிறவர்களுக்காகப் பிறந்த கணக்கு, மிஞ்சிப்போனவர்களின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் தப்பில்லை. எனக்கும் சர்க்கரை இருக்கிறது, எனக்கும் கணக்கு வேண்டும். ஆனால் கருவி கட்டிய கையின் உழைப்புதான் உழைப்பு, கட்டாத கையின் உழைப்பு பூஜ்யம் என்று ஒரு ஆபீஸே நம்பிக் கைதட்டியதே, அது 27 சதவிகிதப் பிசகு இல்லை. நூற்றுக்கு நூறு பிசகு. அந்தப் பிசகை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை, நாங்கள் செய்தோம்.

* * *

டாக்டர் கடைசியாகச் சொன்னதை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது சொன்னார்.

"வாட்சைக் கழட்ட வேண்டாம். துடிப்பைப் பாருங்க, எவ்வளவு நேரம் நடந்தீங்கன்னு பாருங்க. போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பாருங்க. அதுக்கெல்லாம் அது நல்ல ஆளு. ஆனா ஒண்ணு சார், நடந்ததுக்குக் கூலி கேக்காதீங்க."

கூலி கேட்கக் கூடாது. இதைவிட எளிமையாக யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நடை என்பது உடம்புக்கு நான் பட்ட பழைய கடனுக்குக் கட்டும் தவணை. தவணை கட்டிவிட்டு வெளியே வருகிறவன் பேங்க்கிடம் பரிசு கேட்பானா?

ஆபீஸில் அந்த அண்ணனிடம் இப்போதெல்லாம் மத்தியானம், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்கிறேன். பல நாள் என் டிபன் பாக்ஸில் இருப்பதில் பாதி அவருக்குப் போகிறது. எனக்கும் குறைகிறது, அவருக்கும் கூடுகிறது. இது தர்மக் கணக்கு என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததற்குக் கட்டும் தவணை, அவ்வளவுதான்.

போன வாரம் மறுபடி மெஸ் வாசல். நண்பர் வழக்கம் போலத் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கு 381. உனக்கு எவ்வளவு?"

"சுமார்" என்றேன்.

"சுமார்னா?"

"சுமார்னா சுமார்தான். வா, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போகலாம்."